ட்ரூயிட் வட்டத்துக்குப் புதியவரா? படிநிலை, பொறுப்பு, நடத்தை பற்றி ஒரு வழிகாட்டி

வெள்ளை அங்கி போட்டிருப்பவர்தான் பெரியவர், பச்சை அங்கிக்காரர் அவருக்கு அடுத்தவர், நீல அங்கிக்காரர் கடைசி. மேற்கு ஐரோப்பாவின் பழங்காலக் கெல்ட் மக்களிடம் இருந்த ட்ரூயிட்டுகளை முன்மாதிரியாக வைத்து இன்று நடக்கும் ஆன்மிக வழிதான் ட்ரூயிட் வழி. அதன் சடங்கை முதல்முறை பார்க்கிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கோடு உள்ளே போனால் யாரிடம் எதைக் கேட்பது, யார் சொல்லுக்கு எந்த அளவுக்குக் கட்டுப்படுவது என்பதெல்லாம் குழம்பிவிடும். இங்கே படிநிலை என்பது ஒருவர் எதுவரை படித்திருக்கிறார் என்பதைக் காட்டுவது. பொறுப்பு என்பது அன்றைக்கு அவர் செய்யும் வேலை. அதிகாரம் இந்த இரண்டிலும் மிகக் குறைவு. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

இந்தக் கட்டுரையில் நான் முக்கியமாக எடுத்துக்கொள்வது இங்கிலாந்தில் 1964-ல் ராஸ் நிக்கல்ஸ் தொடங்கிய ‘பார்டுகள், ஓவேட்டுகள், ட்ரூயிட்டுகள் சங்கம்’. சுருக்கமாக ஓபாட் என்பார்கள். பிரிட்டனில் ட்ரூயிட் வழியைத் தேடிப் போகிறவர் முதலில் எதிர்கொள்வது பெரும்பாலும் இவர்களைத்தான். மற்ற சங்கங்கள் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன்.

சேர்வதற்கு முன்: எது பழசு, எது புதுசு

பழங்காலக் கெல்ட் மக்களிடம் இருந்த ட்ரூயிட்டுகள் தங்கள் பாடங்களை எழுதிவைக்கவில்லை. சிலர் 20 வருடம் வரை படித்தார்கள், பாடத்தை எழுத்தில் வைப்பதைத் தகாத செயலாக நினைத்தார்கள் என்று ஜூலியஸ் சீசர் குறித்திருக்கிறார். கிரேக்கரான ஸ்ட்ராபோ மூன்று வகையினரைச் சொல்கிறார்: பாடகர்களும் கவிஞர்களுமான பார்டுகள், குறி பார்ப்பவர்களும் இயற்கையை ஆராய்பவர்களுமான ஓவேட்டுகள், தத்துவமும் நீதியும் பேசும் ட்ரூயிட்டுகள். இன்றைய மூன்று படிநிலைகளுக்கு இந்தக் குறிப்புதான் மூலம்.

ஆனால் அந்தப் பழைய மரபு ரோமானியர் காலத்திலும் அதன் பின் வந்த கிறிஸ்தவக் காலத்திலும் அறுந்துபோனது. 18-ஆம் நூற்றாண்டில்தான் ஆர்வலர்கள் அதை மறுபடி கட்டி எழுப்பத் தொடங்கினார்கள். அவர்களில் முக்கியமானவர் இயோலோ மோர்கானுக் என்ற வேல்ஸ் கவிஞர்; கல் கொத்தும் தொழிலாளி. 1792-ல் லண்டன் ப்ரிம்ரோஸ் ஹில் மேட்டில் அவர் நடத்திய கூட்டமும், பார்டுக்கு நீலம், ஓவேட்டுக்குப் பச்சை, ட்ரூயிட்டுக்கு வெள்ளை என்ற நிறப் பிரிவும் இன்றுவரை செல்வாக்கோடு இருக்கின்றன. பழஞ்சுவடிகள் என்று அவர் காட்டியவற்றில் பல அவரே எழுதியவை என்பதைப் பிற்கால ஆய்வாளர்கள் நிறுவிவிட்டார்கள். நல்ல சங்கங்கள் இதை மறைப்பதில்லை. அவர் எழுதிய பிரார்த்தனையை அழகுக்காகவும் பொருளுக்காகவும் சொல்கிறார்கள், பழமைக்காக அல்ல. ‘எங்கள் பரம்பரை இரண்டாயிரம் வருடமாக அறுபடாமல் வருகிறது’ என்று யாராவது அடித்துச் சொன்னால் அங்கேயே கொஞ்சம் நிதானியுங்கள்.

அடுத்து, பெயர் ஒன்றாக இருப்பதால் எல்லாம் ஒன்றல்ல. வேல்ஸின் தேசியக் கலைவிழாவில் அங்கியோடு ஊர்வலம் வரும் கோர்செத் அமைப்பு, மொழிக்கும் பண்பாட்டுக்கும் தொண்டு செய்தவர்களைக் கௌரவிப்பது, மதம் அல்ல. 1946-ல் இளவரசியாக இருந்த எலிசபெத்தையும், 2002-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் கேன்டர்பரி பேராயராக அறிவிக்கப்பட்டிருந்த ரோவன் வில்லியம்ஸையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். அங்கே 2012 முதல் மூன்று நிறங்களும் சம மதிப்புள்ளவை. எந்தத் துறையில் தொண்டு என்பதைத்தான் நிறம் காட்டுகிறது. அமெரிக்காவில் 1983-ல் ஐசக் போன்விட்ஸ் தொடங்கிய ‘ஆர் நிரீக்ட் ஃபேன்’, சுருக்கமாக ஏடிஎஃப், தன்னை வெளிப்படையாக ஒரு மதமாகவே சொல்லிக்கொள்கிறது; பல தெய்வங்களுக்குக் காணிக்கை வைத்து வழிபடும். ஓபாட் தன்னை ஆன்மிகப் பயிற்சி வழியாகப் பார்க்கிறது. அதனால் இந்துவாகவோ, கிறிஸ்தவராகவோ, பௌத்தராகவோ இருந்துகொண்டே அதில் படிக்கலாம். வீட்டுப் பூஜையறையை மூடிவிட்டு வரச் சொல்ல மாட்டார்கள்.

முதல் படி: திறந்த சடங்கு ஒன்றுக்குப் போவது

பணம் கட்டிப் பாடத்தில் சேர்வதற்கு முன்னால், வெளியாட்களையும் அனுமதிக்கும் சடங்கு ஒன்றுக்குப் போய் வாருங்கள். வருடத்தில் எட்டு விழாக்கள் உண்டு. இரண்டு கதிர்த்திருப்ப நாட்கள் (பகல் மிக நீண்ட நாளும் மிகக் குறுகிய நாளும்), இரண்டு சம பகலிரவு நாட்கள், அவற்றுக்கு நடுவே அக்டோபர் கடைசியில் சவ்வின், பிப்ரவரி தொடக்கத்தில் இம்போல்க், மே தொடக்கத்தில் பெல்டேன், ஆகஸ்ட் தொடக்கத்தில் லூனசா. உள்ளூர்க் குழு விழாவை வார இறுதிக்கு மாற்றி வைத்திருக்கலாம், அதனால் தேதியைக் கேட்டுக்கொள்ளுங்கள். லண்டனில் இருப்பவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: நிக்கல்ஸ் எந்தப் பழைய சங்கத்திலிருந்து பிரிந்து வந்தாரோ அந்த ட்ரூயிட் ஆர்டர், வசந்தகாலச் சம பகலிரவு நாளில் டவர் ஹில்லிலும் இலையுதிர்காலத்தில் ப்ரிம்ரோஸ் ஹில்லிலும் பொதுமக்கள் பார்க்கவே சடங்கு நடத்துகிறது.

குழுவுக்கு முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்புங்கள். மூன்று விஷயம் கேட்டால் போதும்: வெளியாட்கள் வரலாமா, எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவர வேண்டும். அங்கி வாங்கக் கிளம்ப வேண்டாம். மழைக்கோட்டும் சேற்றில் வழுக்காத செருப்பும்தான் அவசியம். பிரிட்டிஷ் மலைமேட்டில் டிசம்பர் மாலை ஒரு மணி நேரம் அசையாமல் நிற்பது எப்படி இருக்கும் என்பது நின்றால்தான் தெரியும். இரட்டைக் காலுறை போட்டுப் போங்கள்.

சடங்கு எப்படி நடக்கும்? எல்லோரும் வட்டமாக நிற்பார்கள். முதலில் அமைதிக்கான அழைப்பு. ஒருவர் வடக்கு நோக்கி நின்று அங்கே அமைதி நிலவட்டும் என்பார், அப்புறம் தெற்கு, மேற்கு, கிழக்கு. கடைசியில் உலகம் முழுவதும் அமைதி நிலவட்டும் என்று எல்லோரும் சேர்ந்து சொல்வார்கள். அமைதி இல்லாமல் எந்த வேலையும் தொடங்கக் கூடாது என்பது இந்த மரபின் அடிப்படை. அதனால் யார் மேலாவது கோபத்தோடு வந்திருந்தால் அந்த நேரத்துக்குள் அதைக் கீழே வையுங்கள். அடுத்து ஒருவர் தூபத்தையும் இன்னொருவர் நீரையும் ஏந்தி வட்டத்தைச் சுற்றி வருவார்கள், சூரியன் போகும் திசையில், அதாவது நாம் கோயிலை வலம் வரும் அதே திசையில். பிறகு நான்கு திசைகளையும் வரவேற்பார்கள்: கிழக்கில் காற்றும் பருந்தும், தெற்கில் நெருப்பும் கலைமானும், மேற்கில் நீரும் சால்மன் மீனும், வடக்கில் மண்ணும் கரடியும்.

நடுவில் ‘ஆவென்’ என்ற சொல்லை மூன்று முறை நீட்டி ஓதுவார்கள். ஆ… ஊ… வென் என்று ஒவ்வொருவரும் தத்தம் மூச்சுக்கு ஏற்ப இழுப்பதால் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி அலை அலையாக வரும். வேல்ஸ் மொழியில் கவிஞனுக்குள் பாயும் ஊக்கத்தை அந்தச் சொல் குறிக்கும். சுருதி சேரவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம், யாரும் கவனிப்பதில்லை. கைகோத்து நின்று அமைதியோடும் அன்போடும் நிற்போம் என்ற உறுதிமொழியைச் சொல்வதும் உண்டு. அதைச் சொல்ல உங்களுக்கு மனம் ஒப்பவில்லை என்றால் மௌனமாக நிற்கலாம். ரொட்டியும் மீட் என்ற தேன்மதுவும் வட்டத்தில் சுற்றி வரும்; முதல் துண்டும் முதல் துளியும் மண்ணுக்கு. மது வேண்டாதவர்கள் கோப்பையைத் தொட்டு வணங்கி அடுத்தவரிடம் கொடுத்துவிட்டால் போதும். பல குழுக்கள் ஆப்பிள் சாறும் வைத்திருக்கின்றன.

இதற்குப் பிறகு வருவதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஐஸ்டெத்வோட் என்பார்கள். யார் வேண்டுமானாலும் ஒரு பாட்டு, கவிதை, கதை, இல்லை ஒரு புல்லாங்குழல் ராகம் தரலாம். அங்கே ஒரு தமிழ்ப் பாட்டை எடுத்து விட்டால் அர்த்தம் புரியாமலேயே கண்மூடிக் கேட்பார்கள். ஒரு சங்கத்தின் குணத்தை எடைபோட இதைவிட நல்ல இடம் கிடையாது. தடுமாறிப் பாடும் புதியவரை எப்படிக் கேட்கிறார்கள் என்று பாருங்கள்.

இரண்டாம் படி: பார்டு, ஓவேட், ட்ரூயிட்

பிடித்துப் போனால் பாடத்தில் சேரலாம். பிலிப் கார்-கோம் 1988-ல் தலைமைப் பொறுப்பை ஏற்றபோது பாடங்களைத் தபால்வழிக் கல்வியாக மாற்றினார். அதனால் அருகில் குழு இல்லாதவரும் படிக்கலாம். ஒவ்வொரு பாடத்தையும் வேல்ஸ் மொழியில் ‘க்வெர்ஸ்’ என்று சொல்வார்கள். உங்களுக்கென்று ஒரு வழிகாட்டி இருப்பார். கேள்விகளையும் அனுபவங்களையும் அவருக்கு எழுதலாம். பாடத்துக்குக் கட்டணம் உண்டு.

பார்டு நிலையில்தான் எல்லோரும் தொடங்க வேண்டும். வேறு எங்கேயோ பத்து வருடம் படித்தவரும் இங்கே பார்டாகத்தான் நுழைவார். இந்த நிலைக்கு உரிய மரம் பிர்ச். வெட்டவெளியில் முதலில் முளைத்து மற்ற மரங்களுக்கு வழிவிடும் மரம் அது. கவிதை, கதை, இசை, கைவினை வழியாக உள்ளே இருக்கும் படைப்பூக்கத்தைத் தட்டி எழுப்புவதும், தான் வாழும் இடத்தின் மரம், ஓடை, பறவை, பழங்கதை ஆகியவற்றைத் தெரிந்துகொள்வதும் இந்த நிலையின் வேலை. தொடக்கச் சடங்கைத் தனியாகவே செய்துகொள்ளலாம். குழு இருந்தால் அவர்களோடும் செய்யலாம். இந்த நிலைக்குக் குறைந்தது ஒரு வருடம் ஆகும். இரண்டு, மூன்று வருடம் எடுப்பவர்கள் ஏராளம். யாரும் விரட்டுவதில்லை. பார்டாகவே ஆயுள் முழுவதும் இருப்பவர்களும் உண்டு, அவர்களை யாரும் குறைவாக நினைப்பதில்லை.

பாடம் முடிந்ததும் நீங்கள் கற்றதைப் பற்றி ஒரு மதிப்பாய்வு எழுதி வழிகாட்டிக்கு அனுப்புவீர்கள். அதில் மார்க் கிடையாது. அதற்குப் பிறகுதான் ஓவேட் நிலை. இதன் மரம் யூ. இங்கிலாந்தின் பழைய கல்லறைத் தோட்டங்களில் ஆயிரம் வருடம் தாண்டியும் நிற்கும் மரம். மூலிகை, குணப்படுத்தல், மரங்களோடு சேர்த்துப் பார்க்கும் ஓகம் என்ற பழைய அயர்லாந்து எழுத்து, குறி பார்த்தல், முன்னோர் நினைவு, மரணம் பற்றிய தியானம் எல்லாம் இங்கே வரும். மனதுக்குப் பாரமான கட்டம் இது. அண்மையில் நெருங்கியவரை இழந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துத் தொடங்குவது நல்லது என்பது என் கருத்து.

ட்ரூயிட் நிலையின் மரம் ஓக். சடங்கு நடத்துவது, மற்றவருக்கு ஆலோசனை சொல்வது, கற்பிப்பது, சமாதானம் செய்துவைப்பது என்று வெளியே பார்க்கும் வேலைகள். ஓவேட், ட்ரூயிட் நிலைகளின் சடங்குகளும் பாடங்களும் அந்தந்த நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும். பார்டாக இருக்கும்போது அவற்றைத் துருவிக் கேட்பது நாகரிகம் அல்ல. மறைப்பதற்காக மூடிவைக்கவில்லை. முன்னாலேயே தெரிந்துவிட்டால் அந்த அனுபவத்தின் புதுமை உங்களுக்குத்தான் போய்விடும்.

அங்கி போடுவது கட்டாயமில்லை. வெள்ளை அங்கி போட்டவரையே விழுந்து கும்பிட்டு ‘குருவே’ என்று அழைக்கப் போனால் அவருக்கே சங்கடமாகிவிடும். நம் ஊரில் குருவின் காலைத் தொடுவது மரியாதை. இங்கே பெரும்பாலும் பெயர் சொல்லி அழைப்பதுதான் வழக்கம், வயது எழுபதானாலும். மரியாதையை அவர் பேசும்போது குறுக்கே பேசாமல் இருப்பதில் காட்டுங்கள்.

மூன்றாம் படி: யார் என்ன பொறுப்பு

உள்ளூர்க் குழுக்கள் இரண்டு வகை. ட்ரூயிட் நிலையை எட்டியவர்கள் முன்னின்று நடத்துவது க்ரோவ். கீழ்நிலைகளில் இருப்பவர்களும் தொடங்கக்கூடியது சீட் குரூப். உங்கள் ஊரில் எதுவும் இல்லை என்றால் இரண்டாவது வகையை நீங்களே ஒரு நண்பரோடு ஆரம்பிக்க முடியும். அதற்கு முன் சங்க அலுவலகத்தில் அப்போதைய விதிகளைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்கம் முழுவதற்கும் தலைமை வகிப்பவரை ‘தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர்’ என்ற பொருள்படும் பட்டத்தால் அழைக்கிறார்கள். நிக்கல்ஸ் 1975-ல் இறக்கும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார், கார்-கோம் 1988 முதல் 2020 வரை, அதற்குப் பிறகு அயர்லாந்தைச் சேர்ந்த ஏமர் பர்க். உங்கள் தினசரி வாழ்க்கையில் அவர் தலையிடப் போவதில்லை. நீங்கள் எதை நம்ப வேண்டும் என்று அவர் ஆணையிடுவதும் கிடையாது.

ஒரு சடங்கில் உள்ள பொறுப்புகள் இன்னும் எளிமையானவை. நடத்துபவர், அமைதி அழைப்பவர், நான்கு திசைகளுக்கு நால்வர், தூபமும் நீரும் ஏந்துபவர்கள், ரொட்டியும் மீடும் தருபவர்கள். போன விழாவில் நடத்தியவர் இந்த விழாவில் கிழக்கில் நிற்பார். அடுத்த முறை பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார். புதியவருக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் நீர்க் கிண்ணமோ ஒரு திசையோதான். கொடுத்தால் மறுக்காதீர்கள். தாளைப் பார்த்து வாசித்தாலும் தப்பில்லை. ஒரு திசையை அழைக்கும்போது அந்தத் திசையைப் பார்த்து நின்று, வட்டத்தின் மறுமுனையில் இருப்பவருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். காற்று வீசும் மேட்டில் மெதுவாகச் சொன்ன வார்த்தை பக்கத்து ஆளுக்குக்கூடப் போய்ச் சேராது.

அமெரிக்கச் சங்கங்களில் இந்த அமைப்பு வேறுமாதிரி. மினசோட்டாவில் கார்ல்டன் கல்லூரியில் 1963-ல், மாணவர்கள் வழிபாட்டுக்குக் கட்டாயம் வர வேண்டும் என்ற விதியை எதிர்த்து ஆரம்பித்ததுதான் வட அமெரிக்காவின் சீர்திருத்த ட்ரூயிட்டுகள் அமைப்பு. எதிர்ப்பாகத் தொடங்கியது உண்மையான தேடலாக மாறிவிட்டது. அங்கே முதல் நிலைக்கு, சடங்கில் சுற்றிவரும் ‘உயிர்நீரை’ப் பருகி இரண்டு அடிப்படைக் கூற்றுகளை ஏற்றால் போதும். மூன்றாம் நிலைக்கு ஓர் இரவு முழுவதும் வெட்டவெளியில் கண்விழித்திருக்க வேண்டும். தலைமை ட்ரூயிட் மூன்றாம் நிலையினராகவும், கேள்வி-பதில் சொல்லும் பிரிசெப்டர் இரண்டாம் நிலையினராகவும், கோப்பை ஏந்துபவர் முதல் நிலையினராகவும் இருப்பார்கள். ஏடிஎஃப்-பில் புதியவர்களுக்கு டெடிகன்ட் பாத் என்ற ஒரு வருடப் பயிற்சி உண்டு: நூல் வாசிப்பு, தியானக் குறிப்பு, எட்டு விழாக்களைப் பற்றியும் ஒன்பது நற்பண்புகளைப் பற்றியும் கட்டுரைகள். அந்த ஒன்பதில் விருந்தோம்பலும் ஒன்று. குழுவை நடத்துபவர் சீனியர் ட்ரூயிட். எட்டு விழாக்களையும் பொதுமக்களுக்குத் திறந்து நடத்துவது அவர்கள் குழுக்களின் கடமை.

நான்காம் படி: நடந்துகொள்ளும் விதம்

வட்டம் அமைந்த பிறகு நடுவே குறுக்காக ஓடாதீர்கள். வெளியே போக வேண்டியிருந்தால் பக்கத்தில் இருப்பவரிடம் சைகை காட்டிவிட்டு, சூரியன் போகும் திசையில் சுற்றி வெளியேறுங்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் சடங்குக்கு முன்னரோ பின்னரோ, கேட்டுவிட்டு. ஆசிரியராகவோ காவல்துறையிலோ வேலை பார்க்கும் சிலர் தங்கள் வழிபாட்டை அலுவலகத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். உங்கள் ஒரு படம் அவர்களுக்குத் தலைவலியாகிவிடும்.

இடத்தைப் பேணுவது இந்த மரபில் சடங்கின் பகுதியே. இங்கிலாந்தில் ஏவ்பரி கல்வட்டத்துக்கு அருகே உள்ள வெஸ்ட் கென்னட் கல்லறைக்குள் வழிபட வருபவர்கள் சின்ன மெழுகுவத்திகளை ஏற்றிவைப்பதால் ஐயாயிரம் வருடத்துக்கு மேல் பழமையான கற்களில் கரியும் மெழுகும் படிகின்றன, சூட்டில் கல்லே வெடிக்கலாம். மரக்கிளையில் நைலான் நாடா கட்டுவதும் வேண்டாம், கிளை தடிக்கும்போது இறுக்கிப் பட்டுப்போகச் செய்யும். காணிக்கை தர வேண்டுமென்றால் தண்ணீர், ஒரு பாட்டு, இல்லை அந்த இடத்தில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிப் போவது. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல்வட்டத்தில் 2000 முதல் கோடைக் கதிர்த்திருப்ப இரவில் கற்களுக்கு நடுவே போய் நிற்க எல்லோரையும் விடுகிறார்கள். 2016 முதல் அங்கே மதுவுக்குத் தடை; கற்களின் மேல் ஏறவும் கூடாது.

சரி, மனிதர்களுக்குள் நடத்தை? இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். படிநிலை உயர உயர மற்றவர் மேல் உரிமை கூடுவதில்லை. உயர்நிலைக்கு ஏற்றிவிடுகிறேன் என்று சொல்லி யாராவது உடல் நெருக்கத்தையோ, ரசீது இல்லாத பணத்தையோ, தனியாக வரும்படியோ கேட்டால் அது சடங்கு அல்ல, சுரண்டல். சங்கத்தின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் எழுத்தில் சொல்லுங்கள். குற்றமென்றால் நேராகக் காவல்துறைக்குப் போங்கள், சங்கத்தின் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டு மூலிகையை மட்டும் நம்பச் சொல்பவரிடமிருந்தும், குடும்பத்தோடு பேச வேண்டாம் என்று சொல்பவரிடமிருந்தும் விலகி நில்லுங்கள். அவர் எந்த நிற அங்கி போட்டிருந்தாலும் சரி.

குழுவுக்குள் கருத்து வேறுபாடு வரும். தெய்வங்கள் உண்மையில் இருக்கின்றனவா, உருவகமா என்பதிலேயே ஒரே வட்டத்தில் நாலு பேருக்கு நாலு நம்பிக்கை இருக்கும். அதை விவாதிக்கலாம், ஆனால் சடங்கு நேரத்தில் அல்ல. அப்புறம், நம் வழிபாட்டையும் இவர்கள் வழிபாட்டையும் ஒப்பிட்டு எது பழசு என்று நிறுவப் போவது வீண் சண்டையில்தான் முடியும்.

விலக விரும்பினால் தாராளமாக விலகலாம். பாடத்தைப் பாதியில் நிறுத்தி வருடங்கள் கழித்துத் தொடர்பவர்களும் உண்டு. குழுவில் பொறுப்பு ஏற்றிருந்தால் அடுத்த விழாவுக்கு முன்பே சொல்லிவிடுங்கள், உங்கள் திசையில் நிற்க ஆள் பார்க்க வேண்டுமே. போன பிறகும் ஒரு கடமை தொடரும்: வட்டத்துக்குள் மற்றவர்கள் அழுது சொன்னதையும், மேல்நிலைச் சடங்குகளில் பார்த்ததையும் வெளியே பேசாமல் இருப்பது.